தாழந்தீவுச் சொந்தம்

தாழந்தீவில் எலிகள் விருந்தாளிகளாக வந்த முதல் நாளில், பெர்பெத்து அதைத் தன் வேலையில் வந்த ஒரு சிக்கலாகத்தான் எடுத்துக்கொண்டாள். மூன்று வருடமாகச் சுகாதாரத் துறைக்கு எலி பிடிப்பதுதான் அவள் உத்தியோகம். காலையில் பொறிகளைப் பார்த்து, சிக்கியதை எடுத்து, நிறுத்து, வாலை அளந்து, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, காதில் எண் போட்ட தகட்டை மாட்டி, படிவம் ஏழில் எழுத வேண்டும். சிலவற்றை விட்டுவிடுவாள். சிலவற்றைக் கழுத்தைத் திருகி ஐஸ் பெட்டியில் போட்டுக் கரைக்கு அனுப்புவாள். அப்பேர்ப்பட்டவளின் வீட்டுக்கு, பட்டப்பகலில், தலைவாசல் வழியாக, நூற்றுப் பதினாலாம் நம்பர் எலி நடந்து வந்தது. வாயில் ஒரு நெத்திலிக் கருவாடு. அதை அவள் காலடியில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டது.

பெர்பெத்து விளக்குமாற்றை எடுத்து ஓங்கினாள். எலி அசையவில்லை. தன்னை யாரென்று தெரியாமல் ஓங்குகிறாள் என்று நினைத்ததோ என்னவோ, கருவாட்டை மூக்கால் இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளி வைத்தது.

"ஏ பெர்பெத்து!" என்று வெளியே சத்தம் கேட்டது. கோயில் சமையலுக்கு மேஸ்திரியான கஸ்பார் மாமா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஒன் ஆளுவ பன்னெண்டு பேரு என் வீட்டுல வந்து உக்காந்துருக்காவ. வெரட்டுனா போவ மாட்டேங்குதுவ. ஒண்ணு தோள்ல ஏறி எனக்குப் பேன் பாக்குது. என் தலையில முடி கெடந்து இருவது வருசமாச்சு!"

"கடிச்சுதா மாமா?"

"கடிச்சாத்தான் பரவால்லியே. பாசமா இருக்குட்டீ!"

சிரிக்கிற விஷயம் இல்லை இது. அந்தத் தீவில் எலி என்றால் சாவு. முந்தின வருடம் எலி மூத்திரத்திலிருந்து வந்த காய்ச்சல் அறுபத்து மூன்று பேரில் ஒன்பது பேரைக் கொண்டுபோனது. அதற்குத் தாழந்தீவுக் காய்ச்சல் என்று பத்திரிகைக்காரர்கள் பேர் சூட்டினார்கள். அப்புறம் கரையில் தாழந்தீவு மீனை யாரும் தொடவில்லை, தாழந்தீவுப் பெண்ணை யாரும் கேட்டு வரவில்லை. செத்தவர்களில் ஆறாவது ஆள் பெர்பெத்துவின் புருஷன் லூர்து. படகுகளை நிறுத்தி வைத்திருந்ததால், கரையில் விடுதியில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்த மகள் மெல்பா, அப்பாவின் அடக்கத்தைச் செல்போனில்தான் பார்த்தாள். மண் தள்ளுவதற்கு முன்பே செல்போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்தவர்தான் டாக்டர் கங்காதரன். கோயம்புத்தூர்க்காரர். எலிகளைக் கொன்று மாளாது, அவற்றுக்குத் தடுப்பு மருந்து கொடுத்துவிட்டால் காய்ச்சலே இருக்காது என்றார். தீவின் தென்கோடியில் கொட்டகை போட்டுத் தங்கி, எலிக்குக் கூடப் பாவம் பார்த்து மருந்து போடுகிற மனிதர் என்று நல்ல பேரும் எடுத்திருந்தார். பெர்பெத்து போன் போட்டதும் பத்து நிமிஷத்தில் வந்து சேர்ந்தார். கஸ்பார் மாமாவின் தோளில் இருந்த எலியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"மருந்து மூட்டை அடுத்த வாரம்தானே பிரிக்கறதா இருந்தோம்? அதுக்குள்ள எலிக எப்படித் தின்னுச்சு?"

"என்ன மருந்து மூட்டை?" என்றாள் பெர்பெத்து.

"போன வாரம் படகுல வந்துச்சே, பன்னெண்டு மூட்டை. அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்ப்பூ எல்லாம் கலந்து. எலி ஆசையாத் தின்னணும்ல?"

கஸ்பார் மாமாவின் முகம் மலர்ந்தது. "அது ஒங்க மூட்டையா? நாங்க நேர்ச்சைன்னுல்லா நெனச்சோம்!"

தாழந்தீவு மாதா கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாவுக்குக் கொடி ஏறிய பிறகு முதல் படகில் வந்து இறங்குகிற தின்னும் பொருள் எதுவானாலும் மாதாவுக்குச் சொந்தம். யாருடையது, எதற்கு வந்தது என்று கேட்கக் கூடாது. அது ஊர்ச் சாப்பாடான அசனத்தில் சேர்ந்துவிடும். ஒரு வருடம் கல்யாண வீட்டுக்குப் போக வேண்டிய ஐந்து கூடை லட்டு அப்படித்தான் ஊர் வயிற்றில் போய்ச் சேர்ந்தது. இந்த வருடம் ஆகஸ்ட் மாதம் கொடி ஏறி முடிந்ததும் வந்த முதல் படகில் இருந்தது அந்தப் பன்னிரண்டு மூட்டை. கஸ்பார் மாமா பத்து மூட்டையைக் கொழுக்கட்டையாகப் பிடித்தார். மீதி இரண்டு மூட்டை கோயில் அடுக்களையில் கிடந்தது. அதை எலிகள் பார்த்துக்கொண்டன.

"யார் யார் சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"அசனத்துல சாப்பிடாதவன் ஊர்க்காரனா? ஐம்பத்து நாலு பேரும்தான். ஒங்களுக்கும் ஒரு தூக்குவாளி குடுத்து விட்டேனே."

"எனக்குச் சுகர்" என்றார் டாக்டர். சொல்லிக்கொண்டே ஓரடி பின்னால் போனார். அப்புறம் இன்னோரடி. அப்படியே முதுகைத் திருப்பாமல் மணலில் நடந்துபோய், படகில் ஏறி, அரை கிலோமீட்டர் தள்ளி நங்கூரம் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அவர் தீவுக்குள் கால் வைக்கவில்லை.

செல்போன் கோபுரம் அந்த வாரமே வழக்கம்போலப் பழுதாகி, நினைத்தபோது எடுத்தது, நினைத்தபோது விட்டது. அதனால் டாக்டர் படகில் ஒரு ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டார். தீவுக்காரர்கள் கோயில் மைக்கில் பதில் சொன்னார்கள். யாருக்கு மூலம், யாருக்கு ரத்தக் கொதிப்பு என்பதெல்லாம் கடல் முழுக்கக் கேட்டது. மீன் பிடிக்க வந்த பக்கத்து ஊர்க்காரர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"இது தானாப் பரவுற தடுப்பு மருந்துங்க" என்று படகிலிருந்து குரல் வந்தது. "ஒரு எலி தின்னா, அது தொட்ட எலிக்கெல்லாம் ஒட்டிக்கும். ஆனா எலிக கூட்டம் கூட்டமா இருக்கும். ஒரு கூட்டத்து எலி இன்னொரு கூட்டத்து எலியைக் கிட்டவே சேர்க்காது, கடிச்சுக் கொன்னுடும். அப்பறம் மருந்து எப்படிப் பரவும்? அதனால ஒரு வேலை பண்ணுனோம். எலி சொந்தபந்தத்தை வாசனையை வெச்சுத்தான் கண்டுபிடிக்கும். மருந்து ஏறுன எல்லா எலிக்கும் ஒரே வாசனை வர்ற மாதிரி செஞ்சோம். எல்லாம் ஒரே குடும்பம்னு நெனச்சுக்கும். சொந்தம்னு ஆயிட்டா சண்டை வராது பாருங்க."

கஸ்பார் மாமா மைக்கைப் பிடுங்கினார். "டாக்டரய்யா, சொந்தம்னா சண்டை வராதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது? நீங்க ஒத்தப் புள்ளையா பொறந்தியளோ?"

ஒலிபெருக்கி கரகரத்தது. "ஆமாங்க" என்றது.

"அப்போ எங்க மேலயும் அந்த வாசனை அடிக்கா?" என்று பெர்பெத்து கேட்டாள்.

"எலிக்கு அடிக்கும். நமக்குத் தெரியாது. மனுஷ மூக்கு அதுக்கெல்லாம் பத்தாதுங்கம்மா."

மருந்து வேலை செய்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. எலிக்கும் இல்லை, மனிதருக்கும் இல்லை. ஆனால் எலிகள் சொந்தக்காரர்கள் செய்வதையெல்லாம் செய்தன. காலையில் வந்து இரவு வரை இருந்தன. சோறு வைத்தால் அடுத்த வீட்டு இலையை எட்டிப் பார்த்தன. கஸ்பார் மாமா ஒருநாள் கதவைச் சாத்திவிட, அவர் வீட்டுப் பன்னிரண்டும் கோபித்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய் நான்கு நாள் இருந்தன. கடைசியில் அவரே போய் அழைத்து வந்தார். தீவில் இருந்த ஒரே கீரி, மருந்து ஏறிய எலியைத் தின்று தானும் குடும்பத்தில் சேர்ந்துவிட்டது. அப்புறம் எலியைத் தின்ன மனம் வராமல் நண்டு பிடித்துக் காலம் தள்ளியது. வலை விரிக்கும் இடத்துக்காக எட்டு வருடம் முகம் பார்க்காமல் இருந்த இரண்டு குடும்பங்கள் இப்போது தினமும் பேசிச் சண்டை போட்டுக்கொண்டன.

உத்தரவு இரண்டு வாரத்தில் வந்தது. டாக்டர் அதைத் தயங்கித் தயங்கித்தான் வாசித்தார்.

"மருந்தின் அடையாள வாசனை கொண்ட எந்தப் பாலூட்டியும் தீவை விட்டு வெளியேறக் கூடாது. அடையாளம் இல்லாத எந்தப் பாலூட்டியும் தீவுக்குள் போகக் கூடாது. தீவில் உள்ள எல்லாப் பாலூட்டிகளையும் படிவம் ஏழில் பதிவு செய்து அனுப்பவும்."

"எல்லான்னா?" என்றாள் பெர்பெத்து.

"மன்னிச்சுக்கங்கம்மா. எல்லாந்தான்."

பெர்பெத்து ஊரையே நிறுத்து எழுதினாள். இனம், பால், எடை, பிடிபட்ட இடம், வால் நீளம். பிடிபட்ட இடம் என்ற கட்டத்தில் அவரவர் வீட்டு எண்ணை எழுதினாள். வால் நீளத்தில் கோடு போட்டாள். கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று படிவங்கள் திரும்பி வந்தன. ஐம்பத்து நாலு பேருக்கும் பூஜ்ஜியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதுவரை அவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மெல்பாவின் போன் வந்த அன்று சிரிப்பு நின்றுவிட்டது. மெல்பாவுக்குப் படிப்பு முடிந்துவிட்டது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. ஜனவரி இரண்டாம் தேதி சேர வேண்டும். அதற்கு முன் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருவதாகச் சொன்னாள். லூர்து இறந்த பிறகு தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுததுகூடக் கிடையாது. முதலில் காய்ச்சலுக்காகப் படகை நிறுத்தினார்கள், அப்புறம் பரீட்சை, இப்போது இது.

பெர்பெத்து கோயில் மைக்கைப் பிடித்தாள். "டாக்டரய்யா, இந்த அடையாளம் போறதுக்கு வழி இருக்கா இல்லியா?"

"எலிகளோட ஒட்டு உறவு இல்லாம மூணு மாசம் இருந்தாத் தானா மறைஞ்சுடும்."

"அப்போ எங்களைக் கரைக்குக் கொண்டு போயி மூணு மாசம் எங்கயாச்சும் வைங்க."

"அடையாளம் இருக்கறப்ப கரைக்கு வரக் கூடாதே."

"கரைக்கு வந்தாத்தான அடையாளம் போவும்?"

"ஆமாங்க. அதைத்தான் நானும் மேலிடத்துக்கு எழுதியிருக்கேன். பரிசீலனையில இருக்கு."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் பெர்பெத்துவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"இன்னொரு வழி இருக்குங்க" என்றது ஒலிபெருக்கி. "எலிகளே இல்லாமப் பண்ணிட்டா..."

செப்டம்பர் இருபதுக்குள் தீவில் எலி இல்லையென்றால் டிசம்பர் இருபதுக்குள் மூன்று மாதம் முடிந்துவிடும். பெர்பெத்து விரல் விட்டு எண்ணினாள், சரியாக வந்தது. ஊர்க்கூட்டத்தில் அவள்தான் எழுந்து நின்று பேசினாள். ஒன்பது குழிகளை யாரும் மறக்க வேண்டாம் என்றாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் யாரும் மறுக்கவும் இல்லை. கஸ்பார் மாமா மட்டும், "நாலு நாள் கோவிச்சுட்டுப் போனதுக்கே எனக்குச் சோறு எறங்கல" என்று முணுமுணுத்தார்.

டாக்டரின் படகிலிருந்து விஷ உருண்டைகள் ஒரு பெட்டியில் மிதந்து வந்தன. எலிக்கு ஒன்றாக நானூற்று எண்பது. இந்த எலிகள் சொந்தக்காரர் கையிலிருந்துதான் வாங்கும், எனவே வீட்டுக்கு வீடு கையால் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கையுறை போட்டுக்கொண்டு கொடுத்தார்கள். எலிகள் மரியாதையாக வாங்கிக்கொண்டு போயின. நூற்றுப் பதினாலு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. பெர்பெத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கண்விழித்தபோது, அவள் தலையணை ஓரத்தில் அந்த உருண்டை இருந்தது. கடித்த அடையாளம் இல்லை. பக்கத்தில் நூற்றுப் பதினாலு பின்னங்காலில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து தெருவில் ஓடினாள். "யாரும் தின்னுராதிய! புள்ளையளப் பாருங்க! கையில எதையும் எடுக்க விடாதிய!" ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு பாயோரத்திலும், தொட்டிலுக்குள்ளும்கூட உருண்டைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எலி காத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் பொறுக்கி எண்ணினார்கள். நானூற்று எண்பதும் திரும்பி வந்திருந்தது. ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் பெர்பெத்து ஒரு திண்ணையில் உட்கார்ந்தாள்.

"ஐயோ, இதை யோசிக்காம விட்டுட்டனே!" என்று டாக்டர் படகில் தலையில் அடித்துக்கொண்டார். "எலி புதுத் தீனியைச் சட்டுனு தின்னாதுங்க. சொந்தத்துல யாராவது தின்னு, அவங்க வாயில அந்த வாசனை அடிச்சாத்தான் நம்பித் தின்னும். நீங்க முதல்ல சாப்பிடணும்னு காத்துட்டு இருக்குது."

"சரி, அப்போ யாரு சாப்பிடுதது?" என்று கஸ்பார் மாமா மைக்கில் கேட்டார். "ஒங்களுக்குச் சுகரு. எங்கள்ல ஒருத்தன் செத்தாத்தான் அதுவ சாவும். அப்படித்தான சொல்லுதிய?"

பக்கத்து ஊர்ப் படகுகளில்கூட யாரும் சிரிக்கவில்லை.

பெர்பெத்து விடவில்லை. கையாலேயே முடித்துவிடுவது என்று முடிவு செய்தாள். மூன்று வருடத்தில் எத்தனையோ கழுத்தைத் திருகிய கை அது. ஒரு நாளைக்கு இருபது என்றால்கூட ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். கிறிஸ்துமஸ் போனாலும் புது வருடத்துக்காவது மகளைப் பார்க்கலாம். முதலில் நூற்றுப் பதினாலைத் தூக்கினாள். அது அவள் உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, மூக்கை வாலுக்குள் சொருகிக்கொண்டு தூங்கிவிட்டது. இரண்டு விரலால் கழுத்தைப் பிடித்தாள். திருக வேண்டியதுதான். மெல்பாவின் முகத்தை நினைத்துக்கொண்டாள். விரல் மடங்கவில்லை. இன்னொரு முறை முயன்றாள். சொந்தப் பிள்ளையின் கழுத்தில் கை வைத்தது போல இருந்தது.

"போயும் போயும் ஒரு எலிக்காவவா எம் புள்ளைய விடுதேன்?" என்று தன்னைத்தானே கேட்டு, நெற்றியில் அறைந்துகொண்டாள். எலி விழித்துப் பார்த்து, அவள் விரலை நக்கிக் கொடுத்தது. அதைத் தூக்கி எறியக்கூட அவளால் முடியவில்லை. கோபம் கோபமாக வந்தது. மருந்தைச் செய்தவர் மேல், கொழுக்கட்டை பிடித்தவர் மேல், நான்கு கொழுக்கட்டை தின்றுவிட்டு ஐந்தாவது கேட்ட தன் மேல்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில், மெல்பா ஒரு நாட்டுப் படகு பிடித்து வந்தாள். டாக்டர் அவள் படகை மறித்துச் சட்டம் பேசினார். அப்புறம் என்ன நினைத்தாரோ, "பத்து மீட்டர். அதுக்கு மேல கிட்டப் போகக் கூடாதும்மா" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு, தன் படகை வேறு பக்கம் திருப்பி நிறுத்திக்கொண்டார்.

பெர்பெத்து புதுச் சேலை கட்டியிருந்தாள். சேலையோடு கடலில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றாள். படகில் மெல்பா எழுந்து நின்றாள். ஒல்லியாகியிருந்தாள். அப்பாவின் நெற்றி, அப்பாவின் புருவம். பெர்பெத்துவுக்கு நெஞ்சு விம்மியது. இரண்டு கையையும் தூக்கினாள்.

வாடைக்காற்று படகுப் பக்கமிருந்து தீவைப் பார்த்து வீசியது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. ஏதோ நாற்றம். அழுகல் இல்லை, அழுக்கு இல்லை, சோப்பு வாசனைகூட அதில் இருந்தது. ஆனால் யாரோ. முன்பின் தெரியாத யாரோ ஒருத்தி தன் வீட்டுக்குள் நிற்கிற மாதிரி. பெர்பெத்துவின் பிடரி மயிர் சிலிர்த்தது. காலடி மணலில் பின்னோக்கி வழுக்கியது. தூக்கிய கைகள் தானாக இறங்கின. தினமும் செல்போனில் பார்த்த அதே முகம்தான். செல்போனில் வாசனை வந்ததில்லை. கண் "மெல்பா" என்றது, உடம்பு "கிட்டே விடாதே" என்றது. மனுஷ மூக்கு பத்தாது என்று டாக்டர் சொன்னது பொய்யாகிவிட்டது.

"அம்மா! ஏம்மா அங்கனயே நிக்கே? நல்லாருக்கியா?"

"இருக்கேன் புள்ள. நீ சாப்பிடுதியா, இல்லியா? எலும்பா நிக்கே."

"அம்மா, நான் ஒண்ணு சொல்லுதேன், ஏசாத." மெல்பா படகின் விளிம்பில் ஒரு காலைத் தூக்கி வைத்தாள். "நான் எறங்கி வந்துருதேன். வேலை கெடக்கட்டும். ஒரு நாளு ஒங்கூட இருந்தா எனக்கும் ஒட்டிக்கிடும்லா. அப்பாவுக்குத்தான் வர முடியல. ஒன்னயும் இப்படித் தண்ணிக்குள்ள பாத்துட்டுப் போவ எனக்கு முடியாதும்மா."

ஒரு நாள் போதும். அது பெர்பெத்துவுக்குத் தெரியும். ஒரு நாள் அவளைப் பக்கத்தில் படுக்க வைத்தால் இந்த நாற்றம் போய்விடும். மகள் மகளாகிவிடுவாள். ஐம்பத்தைந்தாவது படிவம், வால் நீளம் பூஜ்ஜியம். பிறகு எந்த ஆஸ்பத்திரியும் இல்லை, எந்தக் கரையும் இல்லை.

"கால எடு" என்றாள் பெர்பெத்து.

"அம்மா..."

"கால உள்ள எடுன்னு சொன்னேம்லா! இங்க வந்து என்ன செய்யப் போற? எலிக்கு ஊசி போடப் போறியா? ஒங்கப்பா செத்தப்போ நர்சு ஒருத்தி இருந்திருந்தா அவரு பொழச்சிருப்பாருன்னு நீதானட்டீ சொன்ன? போயி நாலு பேரப் பாரு."

மெல்பா அழுதாள். அழும்போது அந்த வாசனை இன்னும் கூடியது. பெர்பெத்து பல்லைக் கடித்துக்கொண்டு, பின்னால் போகத் துடித்த காலை மணலுக்குள் அழுத்தி ஊன்றிக்கொண்டு, ஓரடி முன்னால் வைத்தாள். இன்னும் ஓரடி. குமட்டியது. இப்போது தண்ணீர் மார்பு வரை இருந்தது. அங்கே நின்று மகளைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"ஒரு தடவ தொட்டுட்டாவது போறேம்மா."

"வேண்டாம்" என்றாள் பெர்பெத்து. "ஒம்மேல இப்ப என்ன வாசன அடிக்கோ, அதோடயே இரு. அது நல்ல வாசன. அத விட்டுராத."

மெல்பாவுக்கு அது என்னவென்று புரியவில்லை. ஆஸ்பத்திரி சோப்பைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அழுகையோடு சிரித்து, சரி என்று தலையாட்டினாள்.

படகு திரும்பியது. மெல்பா கையசைத்துக்கொண்டே போனாள். பெர்பெத்துவும் அசைத்தாள். படகு தூரம் போகப் போகக் காற்று பழையபடி ஆனது. பிடரி மயிர் படிந்தது, குமட்டல் அடங்கியது, உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது. மகள் போய்விட்டதில் வந்த நிம்மதி. அதைத் தாங்க முடியாமல்தான் பெர்பெத்து அழுதாள்.